எட்டு நாள் தாடி

நியூலின்,
11 ஜனவரி 1976

அன்புள்ள வெர்னன்,

கோணல்மாணலான என் எழுத்தை முதலில் மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் புயலில் சிக்கிய தோணிகளைப் போல ஓர் எழுத்து மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. பேனாவை இறுக்கிப் பிடித்து நடுவிரலில் காய்ப்பு வந்துவிட்டது. ஞாயிறு காலை கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். முடிக்க இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி எழுதித் தரவில்லை. அறுபத்தொன்பது வயதில் ஜேபெஸ் ட்ரெகியர் தானே எழுதுகிறான்.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நூலகத்தின் பின் அறையில் செவ்வாயும் வியாழனும் வகுப்பு. ஏழு பேர் இருக்கிறோம். ஒருவன் லாரி ஓட்டுகிறான், இரண்டு பெண்கள் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறார்கள். எல்லோருக்கும் மூத்தவன் நான்தான். நானே முதலில் படித்த சொல் எது தெரியுமா? கசாப்புக் கடைக் கதவில் இருக்கும் ‘தள்ளவும்’. முப்பது வருஷமாக அந்தக் கதவை இழுத்து இழுத்துப் பார்த்து, உள்ளே இருப்பவன் வந்து திறந்துவிட்ட பிறகு, “உன் கதவு ரொம்ப மோசம்ப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பாவம், அவன் ஒருநாள்கூட என்னைத் திருத்தவில்லை.

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டைகளை மேஜை மேல் வரிசையாக அடுக்கி எல்லாவற்றையும் நானே படித்தேன். உன் கையெழுத்து எவ்வளவு அழகு. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்கும் தூண்டில் முள் போல ஒரு வால் போடுகிறாய். இவ்வளவு காலம் அந்த வாலை நான் பார்த்ததே இல்லை.

ஹெக்யூபா போர்க்கப்பலில் எழுதத் தெரியாத எங்களுக்கெல்லாம் நீதானே எழுதுவாய். தினம் மதியம் எங்களுக்குக் கிடைக்கும் ரம்மில் உன் கூலி, வீட்டுக் கடிதத்துக்கு ஒரு உறிஞ்சல், காதல் கடிதத்துக்கு ஒரு முழு மடக்கு. எனக்குக் காதலி இல்லாததால் நீ நஷ்டப்பட்டாய். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் வாழ்க்கை தாளில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் முதல் கடிதம் உனக்குப் போகவில்லை. போர்க்காலத்தில் என்னைப் பற்றி எழுதி வைத்த காகிதங்களைக் கேட்டுக் கடற்படைப் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதினேன். தடிமனான உறை ஒன்று வந்திருக்கிறது. வகுப்பு இல்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன். அதில் ஒரு தாள் எனக்குப் புரியவில்லை. தாடி வளர்க்க அனுமதி கேட்டு எனக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தந்தாயே, நினைவிருக்கிறதா? அதைப் பற்றி நினைவில் இருப்பதை எழுது.

உன் வீட்டுக்காரி எனிட்டுக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய தோழன்,
ஜேபெஸ்


பிளிமத்,
19 ஜனவரி 1976

டேய் கிழவா,

உன் கடிதத்தைப் பார்த்து நாற்காலியிலிருந்து விழாத குறை. எனிட்டிடம் படித்துக் காட்டினேன். “இனிமே நீங்க யாருக்கு எழுதித் தருவீங்க, பொழப்பு போச்சே” என்று கேலி செய்கிறாள். உன் எழுத்து அப்படியொன்றும் கோணலாக இல்லை. நம் கப்பல் மருத்துவர் எழுதியதை விட இது மேல்.

எனக்கு முழங்கால் வலி. கண்ணாடிக் கொட்டகையில் தக்காளி விதை போட்டிருக்கிறேன். மகள் ஈஸ்டருக்கு வருகிறாள்.

அந்தக் காகிதங்களைப் பற்றி: எதற்கடா அதெல்லாம்? போர்க்காலத்தில் எழுத்தர்கள் அரைத் தூக்கத்தில் எழுதியவை. செத்தவனை உயிரோடு இருப்பதாகவும், உயிரோடு இருப்பவனைச் செத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். தாடியா? கப்பலில் பாதிப் பேர் தாடிக்கு விண்ணப்பம் போட்டான்கள். எதையென்று நினைவு வைத்துக்கொள்வது?

புதிதாகப் படிக்கக் கற்றவன் சந்தோஷமானதாகப் படி. கௌபாய் துப்பாக்கிக் கதைகள் நான்கு தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எழுத்து பெரிசு, சொற்கள் சின்னவை.

வெர்னன்


நியூலின்,
2 பிப்ரவரி 1976

வெர்னன்,

புத்தகங்கள் வந்தன. இன்னும் பிரிக்கவில்லை. நான் படித்துக்கொண்டிருப்பது வேறு.

அந்தத் தாளை அப்படியே பார்த்து எழுதுகிறேன். இதற்கு மட்டும் ஒரு மாலைப்பொழுது போயிற்று.

‘ஹெக்யூபா கப்பலின் கொதிகலன் அறை ஸ்டோக்கர் ஜேபெஸ் ட்ரெகியர், லீடா கப்பலின் ஸ்டோக்கர் க்ளிஃபர்ட் யோவுடன், தன் சொந்த விருப்பத்தின் பேரில், இடம் மாற்றிக்கொள்ள அனுமதி கோருகிறான்.’

பென்சில் முனையை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து ‘தாடி’யைத் தேடினேன். மேலிருந்து கீழே தேடினேன், கீழிருந்து மேலேயும் தேடினேன். தாடி இல்லை.

அடியில் என் அடையாளம் இருக்கிறது. இரண்டு கோடு, ஒரு வளைவு. அப்பாவின் படகில் நாங்கள் மீன் கூடைக்குப் போடும் குறி. அதை நான்தான் போட்டேன். நீ தாளை நீட்டினாய், “இங்க போடு, முகத்துக்கு விடுதலை” என்றாய். உப்புத் தண்ணீரில் சவரம் செய்து என் கன்னம் புண்ணாகிக் கிடந்தது. சந்தோஷமாகப் போட்டேன்.

மேலே உள்ள எழுத்து யாருடையது என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் தூண்டில் முள் இருக்கிறது.

மறுநாள் விண்ணப்பக்காரர்களோடு கப்பலின் துணைக் கேப்டன் முன் வரிசையில் நின்றது நேற்று நடந்தது போல இருக்கிறது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“விண்ணப்பத்துல இருக்கிறபடிதானா?”

“ஆமா சார்.”

“யோசிச்சுத்தான் கேக்கிறியா?”

“ரெண்டு வாரமா யோசிச்சேன் சார். இதுக்கு மேல தாங்காது.”

அவர் முகம் சுருங்கியது. “அனுமதி” என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். ஒரு தாடிக்கு இந்த மனிதர் ஏன் இப்படி அருவருப்பாகப் பார்க்கிறார் என்று முப்பத்து நான்கு வருஷம் யோசித்திருக்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது: தம்பியைக் கப்பலில் விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறவன் என்று நினைத்திருக்கிறார்.

எட்டாம் நாள் காலை, மூட்டையைக் கட்டு, படகு நிற்கிறது, இருபது நிமிஷம் என்றார்கள். என் தம்பி டென்சில் கை வெந்து போய் அலெக்சாண்ட்ரியா ஆஸ்பத்திரியில் கிடந்தான். “டென்சில் வந்தா விவரம் சொல்லுடா, நானா போகலன்னு சொல்லு” என்று உன்னிடம்தான் சொன்னேன். “நான் பாத்துக்கிறேன், நீ கிளம்பு” என்றாய். என் தூளிப் படுக்கையைச் சுருட்டித் தோளில் வைத்துப் படகு வரை கொண்டு வந்தாய், வெர்னன். என் படுக்கையை நீதான் சுமந்து வந்தாய்.

லீடாவும் ஹெக்யூபா மாதிரியே டைடோ வகை க்ரூசர் போர்க்கப்பல்தான். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டிய கப்பல்கள். அதே ஏணி, அதே பதினொரு படி, அதே இடத்தில் தலை இடிக்கும் அதே குழாய். முதல் வாரம் கொதிகலன் முன்னால் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்காமலே, “டென்சில், அந்த எண்ணெய்த் தெளிப்பானை எடு” என்று கை நீட்டுவேன். யாரோ ஒருவன், “எவன்டா டென்சில்?” என்பான். எல்லாம் அதேதான், தம்பி மட்டும் இல்லை.

அங்கே ஏறிய அன்றே மேலாள், “தாடிக்கு அனுமதிச் சீட்டு எங்க?” என்றான். “ஹெக்யூபாவுல குடுத்தாங்க” என்றேன். தேடினார்கள், எந்தக் காகிதத்திலும் இல்லை. எட்டு நாள் தாடியை எல்லார் முன்னாலும் வழிக்க வைத்தார்கள். கடற்படை என் தாடியைத் தொலைத்துவிட்டது என்று இந்த ஊர்ச் சாராயக்கடையில் எத்தனை வருஷம் கதை சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அந்தத் தாடி எந்தக் காகிதத்திலும் இருந்ததே இல்லை.

நான் போன பத்தொன்பதாம் நாள் ஹெக்யூபா டென்சிலோடு மூழ்கியது.

டென்சிலை அந்தக் கப்பலுக்குக் கொண்டுவந்தவன் நான். அண்ணன் கேட்டால் தம்பியை அதே கப்பலுக்குத் தருவார்கள், அந்த உரிமையைக் கேள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீதான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் எங்கள் அக்கா லவ்டே. “உன் பக்கத்துலயே வச்சுக்கோடா, அவனுக்கு உலகம் தெரியாது” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

1946இல் ஊர் திரும்பினேன். அக்கா கதவைப் பாதி திறந்து, டென்சில் கடைசியாக எழுதிய கடிதத்தை அங்கேயே நின்று படித்தாள். “அண்ணன் தானே உரிமை கேட்டு என்னை இங்கே வரவழைத்தான். பிறகு தானே விண்ணப்பம் கொடுத்து வேறு கப்பலுக்குப் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன தவறு செய்தேன் என்று அவனைக் கேட்டு எனக்கு எழுது, அக்கா.” படித்து முடித்துக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

அப்போது யாரிடம் ஓடி வந்தேன்? உன்னிடம். “கடற்படை உத்தரவு மழை மாதிரிடா, ஏன் பெய்யுதுன்னு யாரைக் கேப்ப” என்றாய். பீர் வாங்கித் தந்தாய். நான் நம்பினேன்.

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

ஜேபெஸ்


பிளிமத்,
9 பிப்ரவரி 1976

ஜேபெஸ்,

இதை என் தக்காளிக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனிட் வீட்டுக்குள் இருக்கிறாள்.

நான்தான் எழுதினேன். மறுக்கவில்லை.

க்ளிஃப் எனிட்டின் தம்பி. உனக்கு அது தெரியாது, நான் சொல்லவில்லை. லீடாவில் அவன் உடைந்து போயிருந்தான். கோப்பையைக்கூட இரண்டு கையால் பிடிப்பான். எனிட் ஒவ்வொரு தபாலிலும் அழுது எழுதுவாள், ஏதாவது செய்யுங்கள் என்று. ஹெக்யூபா பழுது பார்க்கத் தாய்நாடு திரும்பப் போகிறது என்று கப்பல் முழுக்கப் பேச்சு. அது உனக்கும் தெரியும். யாராவது ஒரு ஸ்டோக்கர் மாற ஒப்புக்கொண்டால் க்ளிஃப் வீட்டுக்குப் போய்விடுவான். யார் ஒப்புக்கொள்வான்? ஆறு பேரைக் கேட்டேன். சிரித்தான்கள்.

உனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. உனக்கு என்ன நஷ்டம், ஒரு விடுமுறைதானே என்று நினைத்தேன். உன்னைக் கேட்டிருந்தால், டென்சிலை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லியிருப்பாய். அதனால் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? தாய்நாடு திரும்பும் முன் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக மால்டாவுக்கு ஒரே ஒரு காவல் பயணம் என்றார்கள். முன் கொதிகலன் அறையிலிருந்து ஒருவனும் மேலே வரவில்லை. உன் பணி நேரத்தில், உன் இடத்தில் நின்றவன் க்ளிஃப். என் மனைவியின் தம்பியை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து அங்கே நிறுத்தினேன். தண்ணீரில் நாலு மணி நேரம் மிதந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீயும் ஒன்றை யோசி. நான் அந்தத் தாளை எழுதாவிட்டால் நீ இன்று இல்லை. முப்பத்து நான்கு வருஷம் உயிரோடு இருந்தாய். படிக்கக்கூடக் கற்றுக்கொண்டாய். அதற்காகவாவது என்னைக் கொஞ்சம் மன்னிக்கக் கூடாதா?

கடற்படைதான் க்ளிஃபை மாற்றியது என்று எனிட் நம்புகிறாள். அவளுக்கு எழுபது வயது. அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடு, ஜேபெஸ். கெஞ்சிக் கேட்கிறேன்.

வெ.


நியூலின்,
22 பிப்ரவரி 1976

வெர்னன்,

இரண்டு வாரம் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கோபமாக இருந்தால் எழுத்து தாளை விட்டே வெளியே போய்விடுகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

என் உயிரை நீ கொடுத்த பரிசாக என் கழுத்தில் கட்டாதே. ஒருவன் என் மூட்டையைத் திருடிக்கொண்டு போனான். அதற்குள் பாம்பு இருந்தது, அவன் வீட்டு ஆளைக் கடித்தது. அதற்காக நான் திருடனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? உள்ளே வீடு திரும்பும் பயணம் இருக்கிறது என்று நினைத்துத்தான் நீ எடுத்தாய்.

க்ளிஃபுக்காக வருந்துகிறேன். உண்மையாகவே. நீ என்னிடம் வந்து, “மச்சான் பைத்தியமாயிடுவான்டா, டென்சிலையும் கூட்டிக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் மாறிக்கிறீங்களா” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நீ எடுத்துக்கொண்டாய். உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் என் ரம்மில் உறிஞ்சினாய். இந்தத் தாளுக்கும் உறிஞ்சினாய்.

எனக்கு உன்னிடம் வேண்டியது ஒன்றுதான். லவ்டேக்கு இப்போது எழுபத்து நான்கு. இதயம் பலவீனம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இங்கிருந்து மேட்டில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அவள் போவதற்கு முன், நான் டென்சிலைக் கைவிட்டு ஓடவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ எழுது, உன் கையால். ஒரு பக்கம் போதும். எனக்கு அனுப்பு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இன்னொன்று. டென்சில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, “அண்ணன் எங்கே” என்று கேட்டிருப்பான். உன்னிடம்தான் கேட்டிருப்பான். நீ என்ன சொன்னாய்?

ஜேபெஸ்


பிளிமத்,
1 மார்ச் 1976

ஜேபெஸ்,

உன் அக்காவுக்கு எழுதியது இத்துடன் இருக்கிறது. மரியாதையான சொற்களில், வயதானவள் மனம் நோகாதபடி எழுதியிருக்கிறேன். உன்மேல் எந்தத் தவறும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். நீ இதைப் படித்துச் சிரமப்பட வேண்டாம், அப்படியே கொடுத்துவிடு. உறையை ஒட்டியே அனுப்புகிறேன்.

டென்சில் கேட்டது எனக்கு நினைவில்லை. எவ்வளவோ ஆகிவிட்டது.

இதோடு முடித்துக்கொள்வோம்.

வெர்னன்


நியூலின்,
14 மார்ச் 1976

வெர்னன்,

உறையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன்.

‘வருந்தத்தக்க பதிவேட்டுப் பிழையின் காரணமாக.’ இந்த வரியைப் படிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. ‘பெயர் தெரியாத எழுத்தர் ஒருவர்.’ அதற்கு இன்னும் கொஞ்சம். பிறகு எல்லாவற்றையும் இரண்டாம் முறை படித்தேன், மூன்றாம் முறையும் படித்தேன். உன் பெயர் கடைசியில் கையெழுத்தாக மட்டும் இருக்கிறது. அதற்கும் தூண்டில் முள் போட்டிருக்கிறாய்.

போன வருஷமாக இருந்தால் இதை என்ன செய்திருப்பேன் தெரியுமா? தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு, மேடேறிப் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் கையில் கொடுத்திருப்பேன். இரண்டாம் முறையும் உன் பொய்யை நானே சுமந்துகொண்டு போயிருப்பேன்.

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அதற்குப் பதிலாக நானே அவளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். ஒன்பது நாள் ஆயிற்று. நேற்று முன்தினம், அந்த விண்ணப்பத்தின் நகலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். இரண்டு தாளையும் இடுக்கு வழியாக நீட்டினேன். வாங்கிப் படித்தாள். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். கடற்காகம் ஒன்று அவள் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது. அதை விரட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“இதை யாரு எழுதிக் குடுத்தா?” என்றாள். முப்பது வருஷத்தில் முதல் பேச்சு.

“நான்தான்.”

“பொய் சொல்லாத. உனக்கு உன் பேரே எழுத வராது.”

“எழுதிக் காட்டவாக்கா?”

உள்ளே போனாள். திரும்பி வர மாட்டாள் என்றே நினைத்தேன். பிறகு ரொட்டி சுற்றி வந்த காகிதமும் பென்சில் துண்டும் இடுக்கு வழியாக வந்தன. காகிதத்தைக் கதவிலேயே வைத்து எழுதினேன். டென்சில் ட்ரெகியர். அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்தேன்.

அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “‘டெ’யை அவனும் இப்படித்தான் குண்டா போடுவான்” என்றாள்.

சங்கிலியைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை.

“எழுதக் கத்துக்கிட்டவன் கதை கட்டவும் கத்துக்கிட்டிருப்பான்” என்றாள். “இந்த விண்ணப்பத்தை எழுதினவன் எழுதட்டும், நம்புறேன். அப்புறம் டென்சில்கிட்ட அவன் என்ன சொன்னான்னும் எழுதட்டும். எம்புள்ள யாரு வார்த்தையக் கேட்டு அந்தக் கடுதாசிய எழுதினான்னு எனக்குத் தெரியணும்.”

கதவைச் சாத்தினாள். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். டென்சில் பெயர் எழுதிய காகிதம் அவளிடமே இருக்கிறது.

உனக்கு நினைவில்லை என்கிறாய். க்ளிஃப் கோப்பையை இரண்டு கையால் பிடித்தது நினைவிருக்கிறது, தண்ணீரில் எத்தனை மணி நேரம் கிடந்தாய் என்பது நினைவிருக்கிறது, கேட்ட ஆறு பேர் சிரித்தது நினைவிருக்கிறது. என் தம்பிக்குச் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் மட்டும் நினைவில்லை.

எனிட்டை நினைத்து நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், லவ்டேக்கும் ஒரு தம்பி இருந்தான். ஒருத்தி அழாமல் இருப்பதற்காக இன்னொருத்தி முப்பத்து நான்கு வருஷம் அழுதிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வயதுக்காரிகள் மாதிரிதான். உட்கார்ந்து பேசினால் சிநேகிதமாகிவிடுவார்கள்.

என் எழுத்து இப்போது கொஞ்சம் நேராக வருகிறது, பார்த்தாயா? வகுப்பில் உறை மேல் முகவரி எழுதப் பழக்குகிறார்கள். பெயர் ஒரு வரி, தெரு ஒரு வரி, ஊர் ஒரு வரி. உன் முகவரியை வைத்துத்தான் பழகுகிறேன். தெருவும் ஊரும் தடுமாறாமல் வருகின்றன. முதல் வரியில் வெர்னன் லஸ்காம் என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக வந்தது. எனிட் லஸ்காம் என்றும் எழுதிப் பார்த்தேன். அது இன்னும் நன்றாக வந்தது.

உன் பதிலுக்கு வாரக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கஞ்சி குடித்துவிட்டு மறுபடி எழுத உட்காருவேன். முதல் வரியில் எந்தப் பெயர் என்பதை அன்று முடிவு செய்துகொள்கிறேன்.

ஜேபெஸ் ட்ரெகியர்